மூன்றாம் எண் கூண்டு

"இன்னைக்கு எவ்வளவு இருக்கு,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க"
என்றாள் செலஸ்தீன்,
என் தலைமுடிக்குள் பசை தடவி
ஒயர்களை ஒட்டிக்கொண்டே.

நான் கடலூர் முதுநகர்க்காரி.
எங்களுக்கு எண் என்றால் புயல் கூண்டு.
"ஏழாம் நம்பர் ஏத்தியிருக்கு" என்றேன்.
அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு தாளின் ஓரத்தில்
பதினொன்று வரை எனக்கென்று கட்டம் போட்டாள்.

செவ்வாயும் வெள்ளியும்
ஐஸ் கம்பெனியில் அரைநாள் சம்பளம் போக,
ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டிப்
புதுச்சேரி.
ஜன்னலோரம் நான்.
கூட வருகிறவனுக்கு டிக்கெட் கிடையாது.

ஆண்குரல். பெயர் சொன்னதில்லை.
ஒன்பது வருடமாக என் கணக்கில்
தப்புக் கண்டுபிடிப்பதே அதற்கு உத்தியோகம்.
'எண்பது பார் இல்லடி நவநீதம்,
எழுபத்தொன்பது. திருடி.'
இறங்கிப்போய் எண்ணுவேன்.
எண்பதுதான் இருக்கும்.
மாடியேறி வந்து உட்கார்ந்தால்
'இப்ப எண்ணு.'
பனிக்கட்டியைத் தொட்டுத் தொட்டு
விரல்நுனி வெளுத்த ராத்திரிகள் உண்டு.
மாத்திரை அதைப் படுக்கவைத்தது.
வாயை மூடவைக்கவில்லை.

அறையில் ஒரு திரை.
திரையில் ஒரு படகு,
தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில்.
காதுக்கு உள்ளே, மூளையில் ஓர் இடம்
சத்தமே இல்லாதபோதும்
கேட்டுக்கொண்டே இருக்கிறதாம்.
அது தணிந்தால் படகு இறங்கும்.
"எப்படித் தணிக்கிறது?"
"எனக்குத் தெரியாது.
அவங்கவங்களுக்கு ஒரு வழி."
சமாதானத்துக்குச் சிரிக்கவில்லை.
அதனால் நம்பினேன்.

மாரியம்மனை வேண்டினேன்: படகு ஏறியது.
பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன்: ஏறியது.
மூச்சை அடக்கிப் பார்த்தேன்,
செலஸ்தீன் தண்ணீர் கொண்டுவந்தாள்.
ஒருநாள் அதை அசிங்க அசிங்கமாகத் திட்டினேன்.
படகு திரையைத் தாண்டி மேலே போயே போய்விட்டது.

ஆறாவது வெள்ளி. வரும் வழியில் பஸ் பழுது,
அரியாங்குப்பத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருந்தேன்.
ஏசியிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள்
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
'எழுபத்தொன்பது' என்றது.
கையெழுத்து இல்லாத சீட்டு வந்தால்
நாங்கள் வரவு வைப்பதில்லை,
கிழிப்பதும் இல்லை.
மேசைமேல் இருக்கும் கம்பியில்
குத்திவைத்துவிடுவோம்.
அப்படிக் குத்திவைத்தேன்.

படகு ஒரு விரற்கடை இறங்கியது.

அதன்பிறகு பத்து வாரம்.
சில நாள் கரை தட்டியது, சில நாள் தொங்கியது.
திரையே இல்லாமல் பழகச் சொன்னார்கள்.
மஞ்சக்குப்பம் சிக்னலில், மீன் ஏலக் கூச்சலில்,
குளிக்கையில்.

கடைசி நாள் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்:
"கையெழுத்து வாங்கறப்பவே சொல்லியிருந்தோம்,
ஞாபகம் இருக்கா?
பாதிப் பேருக்குக் காட்டினது அவங்க படகு இல்லை.
வேற யாரோட பழைய பதிவோ.
உங்களுக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது.
உறையைத் தை மாசம்தான் பிரிப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இல்லாத குரலோடு குடித்தனம் செய்கிறவளுக்கு
இல்லாத படகு ஒன்றைக் காட்டியிருக்கலாம் இவர்கள்.
நானும் அதை இறக்கியிருக்கிறேன்.
யாருடைய மண்டைக்குள் ஓடியதோ அது.
பண்ருட்டிக்காரனோ, பாகூர்க்காரியோ,
அவர்களுக்கு அன்றைக்கு எது அடங்கியதோ.
செலஸ்தீன் பசையைத் துடைத்துவிட்டாள்.
அவளும் சிரித்தாள், முதல்தடவை.

இன்று சனிக்கிழமை. இரவு லோடு.
மாடி ஜன்னலில் துறைமுகத்துக் கம்பம்,
வானம் லேசாக இருட்டிக்கொண்டு.
'எழுபத்தொன்பது' என்கிறது.
கால் ஒருமுறை துடிக்கிறது,
படிக்கட்டின் பழக்கம்.
எண்பது என்று எழுதி
அடிக்கோடு போடுகிறேன்.
'பாத்துக்கிட்டே இரு' என்கிறது.
அதையும் கம்பியில் குத்துகிறேன்.

மூன்றாம் எண் இருக்கும்.
மூன்றாம் எண்ணுக்கு எங்கள் ஊரில்
யாரும் கடை அடைப்பதில்லை.